கட்டிலருகே நடந்த பள்ளிக்கூடம்: பேரிடர்ப் பணியாளர்களை உருவாக்கிய புனித கமில்லஸ்



உலகின் ஏதோ ஒரு மூலையில் நிலநடுக்கம், பெருவெள்ளம், போர் என்று செய்தி வந்ததும் தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது உணவு மூட்டைகளையும், கூடாரங்களையும், மருந்துப் பெட்டிகளையும்தான். அவற்றோடு வந்து இறங்குகிற மனிதர்களைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. அவர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்? பிணவாடை வீசும் இடத்தில் மயங்கி விழாமல் நின்று வேலை செய்ய அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? முன்பின் தெரியாத நாட்டில், மொழி தெரியாத ஒரு நோயாளியை எப்படித் தொட்டுத் தூக்க வேண்டும் என்பதை அவர்கள் எங்கே படித்தார்கள்? நல்ல மனம் இருந்தால் போதும், மற்றது தானாக வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி நினைக்காத ஒரு மனிதர் 16ம் நூற்றாண்டில் உரோமை நகரில் வாழ்ந்தார். திருவழிபாட்டு நாள்காட்டியில் ஜூலை 14ம் நாள் நாம் நினைவுகூரும் புனித கமில்லஸ் தே லெல்லிஸ்தான் அவர்.

நோயாளிகளின் பாதுகாவலர், செவிலியர்களின் பாதுகாவலர் என்று அவரை நமக்குத் தெரியும். கறுப்பு அங்கியின் மார்பில் சிவப்புச் சிலுவை அணிந்து, நோயாளி ஒருவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் உயரமான குருவாக அவருடைய திருவுருவத்தைப் பல மருத்துவமனைகளில் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர் ஒரு பயிற்சியாளர் என்பதைப் புனிதர் வரலாறுகள் போகிற போக்கில்தான் சொல்கின்றன. ஆட்களைச் சேர்த்து, பழக்கி, ஒழுங்குபடுத்தி, கொள்ளைநோய்க்கும் போர்க்களத்துக்கும் குழுக்களாக அனுப்பியவர் அவர். அந்தப் பக்கத்தைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறோம்.

1550ம் ஆண்டு மே 25ம் நாள், இத்தாலியின் அப்ரூட்சோ பகுதியிலுள்ள புக்கியானிக்கோ என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். அந்தப் பகுதி அப்போது நேப்பிள்ஸ் அரசைச் சேர்ந்தது. தந்தை ஜொவான்னி ஒரு படைவீரர். தாய் கமில்லா, பிள்ளைப்பேறு வாய்க்கும் வயதைக் கடந்தவர் என்று ஊரார் எண்ணியிருந்த காலத்தில் இந்த மகனைப் பெற்றார். பேறுகாலத்துக்கு முன் அந்தத் தாய் ஒரு கனவு கண்டதாக மரபு சொல்கிறது. மார்பில் சிவப்புச் சிலுவை அணிந்த ஒரு சிறுவன், அதே அடையாளம் அணிந்த ஒரு கூட்டத்துக்கு முன்னே நடந்து போகிறான். தாய்க்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. மகன் கொள்ளைக்கூட்டத் தலைவனாகிக் குடும்பத்துக்கு அவமானம் தேடித் தரப்போகிறான் என்றே அவர் நினைத்தார். பையன் வளர்ந்த விதத்தைப் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கமில்லஸ் பதின்மூன்று வயதை எட்டும் காலத்தில் தாய் இறந்துபோனார். அந்தக் கனவின் பொருளை அவர் தெரிந்துகொள்ளவே இல்லை.

வாலிப வயதில் கமில்லஸ் ஆறரை அடி உயரம் இருந்தார். முன்கோபி. சூதாட்டத்தில் தீராத மோகம். தந்தையோடு படையில் சேரப் புறப்பட்டார். வழியிலேயே தந்தை நோயுற்று இறந்தார். தனியாக நின்ற அவருடைய காலில், கணுக்காலுக்கு மேலே, ஒரு புண் வந்தது. எந்த மருத்துவத்துக்கும் ஆறாத அந்தப் புண் அவர் சாகும்வரை, ஏறக்குறைய 46 ஆண்டுகள், அவரோடு இருந்தது. இதை நாம் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் நடந்தது எல்லாம் இந்தக் காலை இழுத்துக்கொண்டு நடந்தவர் செய்ததுதான்.

1571ம் ஆண்டு அந்தப் புண்ணுக்கு மருந்து தேடி உரோமையிலுள்ள புனித யாக்கோபு மருத்துவமனைக்கு வந்தார். தீராத நோயாளிகளுக்கென்றே இருந்த மருத்துவமனை அது. கையில் காசில்லாததால் அங்கேயே வேலையாளாகவும் சேர்ந்துகொண்டார். ஆனால் வார்டில் இருக்க வேண்டிய நேரத்தில் சீட்டாடினார், உடன் வேலை செய்தவர்களோடு சண்டை போட்டார். நிர்வாகம் அவரை வெளியே அனுப்பிவிட்டது. நோயாளர் பணியின் ஆசானாகப் பிற்காலத்தில் போற்றப்பட்டவர், நோயாளர் பணிக்குத் தகுதியற்றவர் என்று நீக்கப்பட்டவர்!

அதன்பின் வெனிஸ் நாட்டுப் படையில் துருக்கியருக்கு எதிராகப் போரிட்டார். 1574ல் படை கலைந்ததும் நேப்பிள்சில் சூதாடி, வாள், துப்பாக்கி, மேலாடை என்று ஒவ்வொன்றாக இழந்தார். கடைசியில் மன்ஃப்ரெடோனியா என்ற ஊரில் ஆலய வாசலில் பிச்சைக்கு நின்றார். அங்கே கப்புச்சின் துறவியர் கட்டிக்கொண்டிருந்த மடத்தில் கல், சுண்ணாம்பு சுமக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் சான் ஜொவான்னி ரொத்தோந்தோ என்ற ஊரிலிருந்த மற்றொரு கப்புச்சின் மடத்துக்கு ஒரு வேலையாக அனுப்பினார்கள். பிற்காலத்தில் புனித தந்தை பியோ ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அதே ஊர், அதே மடம். அங்கே இல்லத் தலைவர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். மறுநாள், 1575ம் ஆண்டு பிப்ரவரி 2ம் நாள், ஆண்டவர் கோவிலில் அர்ப்பணிக்கப்பட்ட விழா அன்று, திரும்பி வரும் வழியில் கமில்லஸ் கழுதையிலிருந்து இறங்கி, கற்கள் நிறைந்த பாதையில் மண்டியிட்டு அழுதார். அன்று அவருக்கு வயது 24.

கப்புச்சின் துறவியாக வேண்டும் என்பது அவர் ஆசை. நவசந்நியாசியாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் முரட்டு அங்கி உராய்ந்து உராய்ந்து கால்புண் மறுபடி திறந்துகொண்டது. சபை விதிப்படி வெளியேற வேண்டியதாயிற்று. மறுபடி முயன்றார், மறுபடி அதே கதை. இரண்டு முறையும் அந்தப் புண் அவரை இழுத்துவந்து சேர்த்த இடம் உரோமையின் புனித யாக்கோபு மருத்துவமனை. முன்பு துரத்திய நிர்வாகமே இந்த முறை அவருடைய மாற்றத்தைக் கண்டு, மருத்துவமனையின் உள்நிர்வாகப் பொறுப்பை 1579ல் அவரிடம் ஒப்படைத்தது.

அன்றைய மருத்துவமனை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது என்ன என்று விளங்கும். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் கூலிக்கு வந்தவர்கள். வேறு எங்கும் வேலை கிடைக்காதவர்களே இந்த வேலைக்கு வந்தார்கள். குற்றத்துக்குத் தண்டனையாக மருத்துவமனை வேலைக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. இரவில் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுக்கும் நோயாளிக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. உணவுப் பாத்திரத்தைப் படுக்கை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எழுந்து உட்கார முடியாதவர் சாப்பிட்டாரா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. உயிர் பிரிந்துவிட்டதா என்று சரியாகப் பார்க்காமலே சிலரைப் பிணங்களோடு சேர்த்துத் தூக்கிச் சென்ற கொடுமையும் நடந்தது.

பொறுப்பாளராக கமில்லஸ் முதலில் செய்தது, எந்த நிர்வாகியும் செய்யக்கூடியதுதான். கண்காணித்தார், கண்டித்தார், இரவில் சொல்லாமல் வந்து நின்றார். அவர் இருக்கும் இடத்தில் வேலை நடந்தது, நகர்ந்ததும் நின்றது. சம்பளத்தைக் கூட்டியோ, அதட்டியோ ஒருவனுடைய கையில் கனிவை வரவழைக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. 1582ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அன்னையின் விண்ணேற்பு விழாவை ஒட்டிய ஓர் இரவில், வார்டில் கண்விழித்திருந்தபோது அந்த எண்ணம் தோன்றியது. கூலிக்காக அல்லாமல் கடவுள்மீது கொண்ட அன்பினால் நோயாளிகளுக்குப் பணி செய்கிற ஆட்களை ஒன்றுசேர்த்தால் என்ன?

மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களிலேயே ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஒரு சிறு அறையில் பாடுபட்ட சுரூபம் ஒன்றை வைத்துச் செபித்தார்கள். கமில்லஸ் மருத்துவமனையைத் தன் கைக்குள் கொண்டுவரத் திட்டமிடுகிறார் என்று நிர்வாகத்தாரிடம் யாரோ கோள் சொல்ல, அந்தச் செபக்கூடம் கலைக்கப்பட்டது. சுரூபம் கதவுக்குப் பின்னால் தூக்கிப் போடப்பட்டுக் கிடந்தது. மனமுடைந்த கமில்லஸுக்கு அந்தச் சுரூபத்திலிருந்தே ஆறுதல் கிடைத்ததாகச் சபை மரபு இன்றுவரை சொல்லிவருகிறது. அந்தச் சுரூபம் உரோமையில் கமில்லியன் சபையாரின் மதலேனா ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

தன் சொல்லுக்கு மதிப்பு வேண்டுமானால் குருவாக வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள். முப்பது வயதைத் தாண்டிய அந்த நெடிய உருவம், இயேசு சபையாரின் உரோமைக் கல்லூரியில் சிறு பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். 1584ம் ஆண்டு, தாமஸ் கோல்ட்வெல் என்ற இங்கிலாந்து நாட்டு ஆயரின் கைகளால் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இங்கிலாந்தில் கத்தோலிக்க ஆயர்கள் பதவி இழந்த காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி உரோமையில் தங்கியிருந்த ஆயர் அவர்.

குருவான கையோடு கமில்லஸ் புனித யாக்கோபு மருத்துவமனையை விட்டு வெளியேறத் தீர்மானித்தார். அவருடைய ஆன்ம குருவுக்கு இது பிடிக்கவில்லை. அந்த ஆன்ம குரு வேறு யாருமல்ல, புனித பிலிப்பு நேரி! படிப்பறிவும் அனுபவமும் இல்லாத இந்த மனிதர் தனிச் சபை நடத்த முடியாது, இருக்கும் வேலையையும் கெடுத்துக்கொள்வார் என்று பிலிப்பு நேரி எண்ணினார், அவருக்குத் தொடர்ந்து ஆன்ம குருவாக இருக்கவும் மறுத்துவிட்டார். புனிதர்களும் ஒருவரையொருவர் தவறாகக் கணிப்பதுண்டு. இதைப் படிக்கும்போது நமக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருக்கிறது.

கமில்லஸும் தோழர்களும் நாள்தோறும் போனது திபேர் ஆற்றங்கரையில், வத்திக்கானுக்கு அருகே இருக்கும் தூய ஆவி மருத்துவமனைக்கு. அந்த வார்டுதான் அவர்களின் பள்ளிக்கூடம். 1584லேயே குழுவுக்கென்று விதிகளை எழுதினார் கமில்லஸ். அந்த விதிகளைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று உடனே தெரியும்: இறையியல் கொஞ்சம், வேலைமுறை அதிகம். படுக்கையை எப்படி விரிப்பது, நோயாளி எழுந்திருக்கும்போது குளிர் தாக்காமல் எப்படிப் போர்த்துவது, பசியில்லாதவரை எப்படிப் பக்குவமாகச் சொல்லிச் சாப்பிடவைப்பது, எதிர்த்துப் பேசுகிறவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இவை எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு வேண்டுதலை வைக்கிறார். ஒரே பிள்ளை நோயுற்றால் தாய்க்கு எப்படிப்பட்ட பாசம் இருக்குமோ, அந்தப் பாசத்தை அயலார்மீது தனக்குத் தரும்படி ஒவ்வொருவரும் ஆண்டவரிடம் கேட்க வேண்டும். பதின்மூன்று வயதுக்குள் தாயை இழந்தவர் எழுதிய விதி இது.

பாசத்தை இறைவனிடம் கேட்கச் சொன்னவர், திறமையை வானத்திலிருந்து எதிர்பார்க்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்துப் போதிப்பதைவிட, தன் பக்கத்தில் நிறுத்திச் செய்துகாட்டினார். புண்ணைக் கழுவும்போது முகத்தைச் சுளிக்காமல் இருப்பதையும், ஒருவரைத் தூக்கும்போது எந்த இடத்தில் கை கொடுக்க வேண்டும் என்பதையும் புத்தகத்தில் படிக்க முடியாது. சன்னல்களைத் திறந்துவைத்துக் காற்று வரச் செய்தார். நோயாளிக்கு ஏற்ற உணவு வேண்டும் என்றார். தொற்றுநோய் உள்ளவர்களைத் தனியே பிரித்துவைத்தார். உயிர் பிரிந்ததாகத் தோன்றிய பிறகும் கால் மணி நேரம் கூடவே இருந்து செபிக்க வேண்டும், உடனே முகத்தை மூடக்கூடாது என்று கட்டளையிட்டார். செபமும், உயிரோடு ஒருவரைப் புதைத்துவிடாமல் காக்கும் எச்சரிக்கையும் ஒரே விதியில் அடங்கியிருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில்தான் இவருடைய மனம் வேலை செய்த விதம் நமக்குத் தெரிகிறது.

1586ல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் இந்தக் குழுவை அங்கீகரித்தார். அதே ஆண்டு ஜூன் மாதம், அங்கியின் மார்பில் சிவப்புச் சிலுவை அணிய அனுமதி தந்தார். புக்கியானிக்கோவில் ஒரு தாய் பயந்து நடுங்கிய அடையாளம் அது. இதைக் கேட்டதும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம் இங்கிருந்துதான் வந்தது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சரியல்ல. 1864ல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட அந்தச் சின்னம், சுவிட்சர்லாந்து நாட்டுக் கொடியின் நிறங்களை மாற்றி அமைத்தது. ஆனால் இரண்டும் செய்த வேலை ஒன்றுதான்: நெருக்கடி நேரத்தில் கூட்டத்துக்குள் இவர் உதவ வந்தவர் என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது.

1588ல் நேப்பிள்சில் இரண்டாம் இல்லம் தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே முதல் சோதனை வந்தது. கொள்ளைநோய் கண்ட கப்பல்கள் கரைக்கு வந்தன. நகருக்குள் விட அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். கரையில் நின்றவர்கள் கைவிட்டபோது, கமில்லஸின் ஆட்கள் கப்பலில் ஏறினார்கள். தூய ஆவி மருத்துவமனையில் பழகிய அதே வேலை: கழுவுவது, ஊட்டுவது, போர்த்துவது, இறப்பவர் அருகே இருப்பது. அவர்களுள் சிலர் திரும்பவில்லை. அன்புப் பணியில் உயிர்கொடுத்த மறைசாட்சிகள் என்று சபை போற்றுகிறவர்களுள் அவர்களே முதல்வர்கள். 1590, 1591ம் ஆண்டுகளில் உரோமையைப் பஞ்சமும் காய்ச்சலும் சேர்ந்து தாக்கின. குதிரை லாயங்களிலும் இடிந்த கட்டடங்களிலும் ஒதுங்கிய ஏழைகளைத் தேடிச் சென்று பணி செய்தார்கள். அங்கேயும் இழப்புகள்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது, அன்றும் எழுந்தது. ஒரு தலைவர் தன்னை நம்பி வந்த இளைஞர்களைச் சாவுக்கு அனுப்பலாமா? பயிற்சி என்பது அவர்களைக் காப்பாற்றுவதற்கா, அல்லது தயங்காமல் சாகச் செய்வதற்கா? வார்டுகளில் இரவும் பகலும் நின்று தொற்றுக்கு ஆளாகி இறந்த நவசந்நியாசிகளின் எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டி, இவர் பிள்ளைகளைக் கொல்கிறார் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர்.

கமில்லஸ் இதற்குத் தந்த பதிலை 1591ம் ஆண்டில் பார்க்கிறோம். திருத்தந்தை பதினான்காம் கிரகோரி இந்தக் குழுவைத் துறவற சபையாக உயர்த்தினார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளோடு நான்காவது ஒன்றும் சேர்ந்தது: நோயாளிகளுக்கு, கொள்ளைநோய்க் காலத்திலும், தன் உயிருக்கு ஆபத்து என்றாலும் பணி செய்வது. போகப் போகிற இடம் எது என்பது சேருகிறவனுக்கு வாசலிலேயே சொல்லப்பட்டது. ஏமாற்றி அழைத்துச் சென்றார் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவ அன்னை விழா அன்று கமில்லஸும் தோழர்களும் அந்த வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார்கள்.

1595ல் திருத்தந்தை எட்டாம் கிளமென்ட், துருக்கியருக்கு எதிரான போருக்காக ஹங்கேரி நாட்டுக்குப் படை அனுப்பினார். படையோடு போக கமில்லஸ் ஒரு குழுவை அனுப்பினார். 1601ல் மறுபடி ஒரு குழு, இந்த முறை கனிசா கோட்டை முற்றுகைக்கு. அந்த முற்றுகை தோல்வியில் முடிந்தது. படைத்தலைவர் ஜான் பிரான்செஸ்கோ அல்தொப்ராந்தீனியே அந்தப் பயணத்தில் நோயுற்று இறந்தார். குளிர், காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை வாளைவிட அதிகம் பேரைக் கொன்றிருக்கும். சபையாரின் கூடாரம் ஒன்று பொருள்களோடு எரிந்து சாம்பலானபோது, ஓர் அங்கியில் தைத்திருந்த சிவப்புச் சிலுவை மட்டும் கருகாமல் கிடைத்தது என்று ஒரு மரபுக் கதை உண்டு. நமக்கு அதைவிட வியப்பானது வேறொன்று. உரோமையில் ஒரு வார்டில் பழகியவர்கள், மொழி தெரியாத ஊரில், கட்டிலும் கூரையும் இல்லாத இடத்தில், அதே ஒழுங்கோடு வேலையைத் தொடர்ந்தார்கள். உலகின் முதல் போர்க்கள மருத்துவக் குழு இதுவே என்று சில நூல்கள் எழுதுகின்றன. முதல் என்ற சொல்லுக்காக நாம் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. 15ம் நூற்றாண்டிலேயே இஸ்பெயின் அரசி இசபெல்லா போர்க்களத்தில் மருத்துவக் கூடாரங்களை அமைத்திருந்தார். கமில்லஸிடம் புதிதாக இருந்தது, அதற்கென்றே வாழ்நாள் முழுவதையும் கொடுத்துப் பழகிய ஆட்கள்.

1598ம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது திபேர் ஆறு கரைபுரண்டது. உரோமையின் வரலாற்றில் பதிவான வெள்ளங்களுள் மிகப் பெரியது அது. ஒரு பழைய பாலத்தின் பாதியை ஆறு அடித்துச் சென்றது. எஞ்சியதை இன்றும் உடைந்த பாலம் என்றே அழைக்கிறார்கள். ஆற்றங்கரையில் இருந்த தூய ஆவி மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. தண்ணீர் இவ்வளவு உயராது என்று மற்றவர்கள் எண்ணியிருக்க, கமில்லஸ் காத்திருக்கவில்லை. தன் ஆட்களோடு நோயாளிகளை ஒவ்வொருவராகச் சுமந்து மேல்தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 48 வயது, ஆறாத கால்புண், குடலிறக்கம், முழங்காலளவு சேற்றுத் தண்ணீர். எந்த நோயாளியை எப்படித் தூக்க வேண்டும், யாரை முதலில் நகர்த்த வேண்டும் என்று அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கட்டில்கள் அவர்களுக்கு மனப்பாடம்.

பேரிடர்ப் பணிக்கு ஆட்களைத் தயார் செய்கிறவர்களிடம் இந்த வெள்ளத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இன்று பன்னாட்டு அமைப்புகள் முகாம் அமைப்பது, பொருள் பங்கிடுவது, பணியாளர் பாதுகாப்பு என்று பல வாரப் பயிற்சிகள் நடத்துகின்றன. அவை தேவையானவையே. கமில்லஸ் பேரிடருக்கென்று தனியாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. சாதாரண நாளில், சாதாரண நோயாளிக்கு, யாரும் பார்க்காத இரவில் செய்கிற வேலையைத்தான் கற்றுக்கொடுத்தார். 1600ல் நேப்பிள்சுக்கு அருகேயுள்ள நோலா நகரில் கொள்ளைநோய் பரவி, வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது, ஆயரின் வேண்டுகோளுக்கு உடனே ஆள் அனுப்ப முடிந்ததும் அதனால்தான். அவரும் பின்னாலேயே போனார். அங்கேயும் சகோதரர்கள் சிலர் இறந்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவர் நல்ல நிர்வாகியா என்று கேட்டால், தயங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். கடன் வாங்கி இல்லங்களைத் திறந்தார். கடன் கொடுத்தவர்கள் கதவைத் தட்டினார்கள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்பதே பெரும்பாலும் அவருடைய நிதித்திட்டம். 1594ல் மிலான் நகரின் பெரிய மருத்துவமனையில் முழுப் பணியையும், படுக்கை தட்டுவது முதல் எல்லாவற்றையும், இரவு பகலாக ஏற்றுக்கொள்வதாகத் தன் ஆலோசகர்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். சபைக்குள் பெரிய பிளவு வந்தது. நாம் குருக்கள், இறப்பவர்களுக்கு ஆன்மிக உதவி செய்வதே நம் முதல் வேலை, மருத்துவமனையிலேயே குடியிருந்து எல்லா வேலையையும் செய்தால் நம் ஆட்கள் தேய்ந்து அழிந்துபோவார்கள் என்றது ஒரு தரப்பு. உடலைத் தொடாமல் ஆன்மாவை மட்டும் தேடிப் போகிற பணியில் கமில்லஸுக்கு நம்பிக்கை இல்லை. இறுதியில் எட்டாம் கிளமென்ட் 1600ம் ஆண்டின் கடைசியில் தலையிட்டு, உடலுக்கும் ஆன்மாவுக்கும் இரண்டு பணியும் உண்டு என்று வரையறுத்து முடித்துவைத்தார். கமில்லஸ் விரும்பியது பெருமளவு கிடைத்தது. ஆனால் காயங்கள் இருந்தன. எதிர்த்தவர்கள் பயந்ததிலும் நியாயம் இருந்தது என்றே நமக்குப் படுகிறது. பேரிடர்க் களத்தில் பணியாற்றித் திரும்பும் எத்தனையோ பேர் உடலும் மனமும் ஓய்ந்து விழுவதை இன்று பார்க்கிறோம். தன் உடலைப் பற்றிக் கவலைப்படாத தலைவர், மற்றவர்களுடைய உடலின் எல்லையையும் சில நேரம் மறந்துவிடுகிறார்.

1607ல் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். தான் தொடங்கிய சபையில் தானே ஒரு சாதாரண உறுப்பினராக, தன்னோடு முரண்பட்டவர்களின் கீழேயும் வாழ்ந்தார். விலகியவர் ஓய்வெடுக்கவில்லை, பழைய வேலைக்குத் திரும்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். மிலான், ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று போன இடமெல்லாம் வார்டுக்குள் நுழைந்தார். கடைசி ஆண்டுகளில் தூய ஆவி மருத்துவமனையிலேயே அவருக்கு ஓர் அறை இருந்தது. கால்புண், குடலிறக்கம், பாதத்தில் காய்ப்பு, சிறுநீரகக் கல், உணவை ஏற்காத வயிறு என்ற ஐந்தையும் இறைவன் தனக்குக் காட்டிய இரக்கங்கள் என்று அவர் கருதிவந்தார். நடக்க முடியாதபோது கட்டிலுக்குக் கட்டில் பிடித்துக்கொண்டு போனதாக உடன் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1614ம் ஆண்டு ஜூலை 14ம் நாள், 64ம் வயதில், உரோமையில் மதலேனா ஆலயத்தை ஒட்டிய இல்லத்தில் அவர் இறந்தார். அவரோடு நெடுநாள் வாழ்ந்த சான்சியோ சிக்காத்தெல்லி என்ற சபைக் குரு அடுத்த ஆண்டே அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். நாம் இன்று அவரைப் பற்றி அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த நூலிலிருந்து வந்ததே. 1746ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அன்புப் பணியில் புதியதொரு பள்ளியைத் தொடங்கியவர் என்ற புகழ் அன்றுமுதல் அவருக்கு நிலைத்தது. 1886ல் பதின்மூன்றாம் லியோ அவரை நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும், 1930ல் பதினொன்றாம் பயஸ் செவிலியர்களுக்கும் பாதுகாவலராக அறிவித்தார்கள். பேரிடர்க் காலப் பணிக்கென்றே கமில்லியன் சபையார் ஒரு பன்னாட்டு அமைப்பையும் நடத்திவருகிறார்கள்.

அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1630ல், வட இத்தாலி முழுவதையும் கொள்ளைநோய் சூறையாடியது. மிலானிலும் மற்ற நகரங்களிலும் சிவப்புச் சிலுவை அணிந்தவர்கள் நோயாளிகளிடையே போனார்கள். அவர்களுள் மூத்தவர்கள் கமில்லஸின் பக்கத்தில் நின்று, ஒரு நோயாளியைத் தூக்கும்போது எங்கே கை கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டவர்கள். இளையவர்கள் அவரைப் பார்த்ததே இல்லை, அந்த மூத்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். இரு தரப்பிலும் பலர் அந்த ஆண்டில் இறந்துபோனார்கள். அதன் பிறகும் சபையில் சேர இளைஞர்கள் வந்தார்கள், வந்தவர்கள் முதலில் வார்டுக்குத்தான் அனுப்பப்பட்டார்கள்.